பந்தைப் பிடிக்கப் போன பையன்

பொங்கல் எல்லாருக்கும் நல்லபடியாக முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் பால் வடக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. ரொம்ப நல்லது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள். அடுப்பைத் துடைத்தது நான்தான்.

இன்றைக்கு எழுதப்போவது கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள். "டீச்சர் வழக்கம்போல ஆரம்பிச்சுட்டாங்கடா" என்று 94 செட் பிள்ளைகள் சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள்.

காலையில் அமெரிக்காவிலிருந்து பேரன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். கூடவே, "அம்மாச்சி, ஞாபகம் இருக்கா? இன்னையோட பத்து வருஷம்" என்று ஒரு வரி. அப்போது மூன்றாம் வகுப்பு படித்தவன், இப்போது காலேஜுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறான். அந்த வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். நான்காவது தடவை பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்றது 2014 மே மாதம். அந்த வருஷக் கடைசியில் மகள் வீட்டுக்கு, சியாட்டில் பக்கம் ரெட்மண்ட் என்ற ஊருக்கு, நானும் வீட்டுக்காரரும் போனோம். மாப்பிள்ளைக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. போன நாளிலிருந்து மழை. நம்ம ஊர் மழை மாதிரி அடித்துப் பெய்துவிட்டு ஓய்ந்துபோகாது. நசநசவென்று நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். காயப்போட்ட துணி காயாது, மனுஷர் முகம் பார்க்க முடியாது. மகள் வேலைக்கும் பேரன் பள்ளிக்கும் போனபிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுக் கொடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீலக் கொடி, நடுவில் 12 என்று எண். முதலில் வீட்டு இலக்கம் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் தெருவில் பாதி வீடுகளில் அதே 12. காய்கறிக் கடையில் கல்லாவில் நிற்கும் பெண் சட்டையிலும் 12.

பேரன்தான் விளக்கினான். ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். பார்க்க வருகிற ஜனங்கள் 12-ஆவது ஆள். 1984-லேயே அந்த எண்ணை ரசிகர்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்களாம், சீஹாக்ஸ் அணியில் வேறு யாருக்கும் அது கிடையாது. 2013-இல் அந்த மைதானத்தில் போட்ட கூச்சலை அளந்து கின்னஸில் ஏற்றியிருக்கிறார்கள், 137.6 டெசிபல். அதற்கும் முன்னால் 2011-இல் மார்ஷான் லிஞ்ச் என்ற ஆள் எட்டுப் பத்துப் பேரை உதறிவிட்டு ஓடியபோது ஜனங்கள் குதித்த குதியில் பக்கத்திலிருந்த நிலநடுக்கக் கருவியே அதிர்வைப் பதிவு செய்ததாம். நான் நம்பவில்லை. மாப்பிள்ளை செய்தியை எடுத்துக் காட்டினார். 8-ஆம் வகுப்பு சி பிரிவைச் சமாளித்தவள் நான், பிறகு நம்பினேன்.

ஆட்டம் எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. இது நம் ஊர்க் கால்பந்து இல்லை. அதை அங்கே சாக்கர் என்கிறார்கள். இது கையில் பந்தை வைத்துக்கொண்டு ஓடுவது. பந்தும் உருண்டை இல்லை, இரண்டு முனையும் கூம்பிய பந்து. தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். பேரன் தரைவிரிப்பில் கொண்டைக்கடலையைப் பரப்பிப் பாடம் நடத்தினான். நூறு கெஜ மைதானம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் இன்னும் நான்கு வாய்ப்பு. எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி. அதற்குமேல் உதைத்துக் கம்பத்துக்கு நடுவில் அனுப்பினால் 1, அல்லது இன்னொரு தடவை கோட்டைத் தாண்டிக் காட்டினால் 2. கோடு வரை போக முடியாது என்று தோன்றினால் தூரத்திலிருந்தே உதைத்து 3 வாங்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான் கணக்கு. மீதியெல்லாம் கடலை.

மொத்தம் 32 அணி. கான்ஃபரன்ஸ் என்று இரண்டாகப் பிரித்து 16, 16. ஒவ்வொரு பாதியிலும் ஜெயித்து வரும் இருவர் கடைசியில் மோதுவதுதான் சூப்பர் பவுல். அன்றைய ஆட்டம் அந்தப் பாதிக்கு யார் தலைவர் என்று தீர்மானிக்கும் ஆட்டம். ஒரு பக்கம் முந்தின வருஷ சாம்பியன் சியாட்டில் சீஹாக்ஸ். இன்னொரு பக்கம் கிரீன் பே பாக்கர்ஸ்.

கிரீன் பே பற்றிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர் ஒருவர் அந்த விஸ்கான்சின் மாநிலத்துக்காரர். பச்சையும் மஞ்சளுமாகச் சட்டை போட்டுக்கொண்டு அன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சுற்றிலும் நீலச் சட்டைக்காரர்கள், நடுவில் இவர் ஒருவர் மட்டும் பச்சை, வயலில் ஒற்றைத் தென்னை மாதிரி. கிரீன் பே ஒரு லட்சம் ஜனங்கள் இருக்கும் சின்ன ஊர். மற்ற அணிகளுக்கெல்லாம் கோடீஸ்வர முதலாளிகள் உண்டு. இந்த அணிக்கு முதலாளியே கிடையாது, பொதுஜனங்கள் பங்கு வாங்கி நடத்துகிறார்கள். அவரிடமும் ஒரு பங்குப் பத்திரம் இருந்தது. லாபம் ஒரு பைசா வராது. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறாராம். கேட்டதும் எனக்கு அந்த அணிமேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. பேரனிடம் சொல்லவில்லை. சோறு கிடைக்காது.

பன்னிரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. நான் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்திருந்தேன். பச்சைச் சட்டைக்காரர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

முதல் பாதி சீஹாக்ஸுக்குச் சுத்தமாக ஒன்றும் ஓடவில்லை. பந்தை வீசுகிறவர் ரசல் வில்சன். அவர் வீசியதில் மூன்றை எதிராளியே பிடித்துக்கொண்டான். ஆட்டம் முடிவதற்குள் நான்கு. நான்கும் ஒரே ஆளைப் பார்த்து வீசியவை, ஜெர்மெய்ன் கியர்ஸ் என்ற பையனுக்கு. உள்ளூர்ப் பிள்ளை, அங்கேயே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவன். இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் அந்த நிகழ்வில் எந்த அணியும் அவனை எடுக்கவில்லை, பிறகு தானாக வந்து சேர்ந்தவன். பாதி நேரத்தில் 16-0. பாக்கர்ஸ் முன்னால்.

ஆனால் ஒன்று பாருங்கள். பாக்கர்ஸ் அந்த முதல் பகுதியிலேயே இரண்டு தடவை கோட்டுக்கு ஒரு கெஜம் வரை வந்தார்கள். ஒரு கெஜம்! கைநீட்டினால் எட்டும். இரண்டு தடவையும் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தி, போதும், உதைத்து 3 வாங்கிக்கொள்வோம் என்றுவிட்டார். பந்து வீசும் ஆரோன் ராட்ஜர்ஸுக்குக் கெண்டைக்காலில் காயம், நொண்டிக்கொண்டேதான் ஆடினார். அதனால் இருக்கலாம். பச்சைச் சட்டைக்காரர் அப்போதே தலையில் கைவைத்தார். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது இவர் ஏன் கவலைப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இருபது வருஷம் ஓர் அணியைப் பார்த்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் பகுதியில் ஒரு வேடிக்கை. சீஹாக்ஸ் 3 புள்ளிக்கு உதைக்கப் போவதுபோல நின்றார்கள். பந்தைத் தரையில் பிடித்துக்கொடுக்க உட்கார்ந்திருந்த ஜான் ரயன் திடீரென்று எழுந்து பந்தோடு ஓடி, மலைபோல் இருந்த ஒரு ஆளுக்கு எறிந்தார். அந்த மலை கேரி கில்லியம். அவர் வேலை முன்வரிசையில் நின்று எதிராளியைத் தடுப்பது மட்டும். பந்தைப் பிடிப்பது அவர் வேலையே இல்லை. பிடித்தார், விழுந்தார், 6 புள்ளி. கூடத்தில் எல்லாரும் எழுந்து ஆடினார்கள். வீட்டுக்காரர் மட்டும் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். 16-7. தன் வேலை இல்லாத ஒன்றைச் செய்து கில்லியம் அன்றைக்கு வீரன் ஆகிவிட்டார். இதையும் மனதில் வையுங்கள்.

பாக்கர்ஸ் இன்னொரு 3 சேர்த்து 19-7. ஐந்து நிமிஷம் இருக்கும்போது வில்சனின் நான்காவது பந்தையும் மோர்கன் பர்னெட் என்ற பாக்கர்ஸ் ஆள் பிடித்துவிட்டான். முன்னால் ஓட இடம் இருந்தது. அவனோ ஓடாமல் உடனே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டான். கூட இருந்த பெரிய ஆட்டக்காரர் ஜூலியஸ் பெப்பர்ஸ், போதும், கீழே விழு என்று சைகை காட்டினாராம். ஜெயித்தாயிற்று என்ற நினைப்பு. டிவியில் ஜனங்கள் மைதானத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையும், "அவ்வளவுதான் அத்தை, டீ போடலாமா?" என்றார்.

நான் அடுப்படிக்குப் போனேன். இஞ்சி தட்டிக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் சத்தம். பாக்கர்ஸ் மூன்று தடவையும் ஓடிப் பார்த்து ஒன்றும் நகராமல் பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். சீஹாக்ஸ் விறுவிறுவென்று வந்து, வில்சனே பந்தோடு கோட்டைத் தாண்டிவிட்டார். 19-14. மீதி 2 நிமிஷம் 9 நொடி. டீயை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். எங்கள் மாமியார் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரியும்.

இனிமேல்தான் விஷயம்.

புள்ளி எடுத்த அணி பந்தை எதிரணிக்கு உதைத்துத் தர வேண்டும். வழக்கமாகத் தூரமாக உதைப்பார்கள். ஆனால் பந்து பத்து கெஜம் போய்விட்டால், அல்லது அதற்குள் எதிராளி மேலே பட்டுவிட்டால், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதனால் நேரம் போதாதவர்கள் கிட்டத்தில், தரையில் மோதித் துள்ளும்படி உதைப்பார்கள். பத்துக்கு ஒன்று கைக்கு வந்தாலே அதிசயம். இதைச் சமாளிக்க எதிரணி ஒரு வரிசையை நிறுத்தும். முன்னால் நிற்பவர்களுக்கு ஒரே வேலை, ஓடிவருகிறவர்களைத் தடுப்பது. நல்ல கை உள்ளவன் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பான். அன்று பின்னால் நின்றவன் ஜோர்டி நெல்சன், அந்த அணியிலேயே தேர்ந்த கை. அவனுக்கு முன்னால் நின்றவன் பிராண்டன் பாஸ்டிக். வயது 25. நியூபெரி என்று ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து, இவனும் எந்த அணியும் தேர்ந்தெடுக்காமல், கெஞ்சிக் கூத்தாடி இடம் பிடித்து வந்த பையன்.

பந்து மோதி உயரே எழும்பியது. நேராக அவனிடமே வந்தது. அவன் தடுக்க வேண்டியவன். ஆனால் குதித்துக் கையை நீட்டினான். பந்து கையில் பட்டு, தலைக்கவசத்தில் மோதி எகிறியது. சீஹாக்ஸின் கிறிஸ் மேத்யூஸ் அள்ளிக்கொண்டான். அந்த மேத்யூஸ் கொஞ்சகாலம் முன்வரை செருப்புக் கடையில் வேலை பார்த்தவன். ஒருவனுக்கு விடிந்த அதே நொடியில் இன்னொருவனுக்கு இருட்டியது.

பச்சைச் சட்டைக்காரர் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "ஸாரி மேடம்" என்றார். மாப்பிள்ளையும் மற்றவர்களும் கைதட்டிச் சிரித்து, "முட்டாப்பய, கைல வந்தத விட்டுட்டான் பாரு" என்றார்கள். டிவியில் அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். மெதுவாக, பக்கவாட்டில், மேலிருந்து. பேரன் என் மடியில் சாய்ந்து, சத்தமில்லாமல் கேட்டான். "அம்மாச்சி, அவன் பந்தப் பிடிக்கத்தான போனான்? அதுக்கு ஏன் திட்றாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. ஆட்டத்தைப் பார்க்கிற மாதிரி இருந்துவிட்டேன்.

அதற்குப்பிறகு நடந்தது சீக்கிரம் நடந்தது. நிலநடுக்கக்காரர் லிஞ்ச் 24 கெஜம் ஓடிக் கோட்டைத் தாண்டினார், 20-19. கூடுதல் 2 புள்ளிக்காக வில்சன் துரத்தப்பட்டு, பின்னால் பின்னால் ஓடி, கண்ணை மூடிக்கொண்டு எறிந்ததுபோல் மைதானத்தின் குறுக்கே ஒரு பந்தை எறிந்தார். அது ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருக்கலாம். பக்கத்தில் நின்ற பாக்கர்ஸ் ஆள் தட்டிவிடவில்லை. 22-19. ராட்ஜர்ஸ் அந்த நொண்டிக் காலோடு வந்து சில நொடிகளே இருக்கும்போது 48 கெஜத்திலிருந்து உதைக்க வைத்து 22-22 ஆக்கினார். கூடுதல் நேரம். காசு சுண்டியதில் சீஹாக்ஸ் ஜெயித்து முதலில் பந்தை வாங்கியது. அன்றைய விதிப்படி முதலில் வாங்குகிறவன் கோட்டைத் தாண்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது, மற்றவனுக்கு வாய்ப்பே கிடையாது. வில்சன் 35 கெஜத்திலிருந்து ஒரு பந்து வீசினார். யாருக்கு? அதே கியர்ஸுக்கு. நான்கு தடவை யாருக்கு வீசித் தோற்றாரோ அவனுக்கே மறுபடியும். பிடித்தான். 28-22. வில்சன் மைதானத்திலேயே தேம்பி அழுதார். எதிர்வீட்டில் வெடி வெடித்தார்கள். வீட்டுக்காரர் எழுந்து, "தீபாவளியா?" என்றார்.

பச்சைச் சட்டைக்காரர் எல்லாருக்கும் கைகொடுத்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் ஷூ போடும்போது மிச்சமிருந்த எலுமிச்சைச் சாதத்தை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். தோற்றவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது.

மறுநாள் மாப்பிள்ளை செய்தி வாசித்தார். ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறையில் பத்திரிகைக்காரர்கள் அந்தப் பாஸ்டிக்கைச் சூழ்ந்துகொண்டார்களாம். அவன் ஓடி ஒளியவில்லை. நின்று பதில் சொல்லியிருக்கிறான். என் வேலை தடுப்பது, நான் அதைச் செய்திருந்தால் நெல்சன் பிடித்திருப்பார், தப்பு என்னுடையது என்று. ஜனங்கள் அவனுக்குக் கொலைமிரட்டல் அனுப்பினார்கள். கொலைமிரட்டல்! ஒரு பந்துக்கு. பிப்ரவரியில் அணி அவனை விடுவித்துவிட்டது.

வாத்தியார் புத்தி எங்கே போகும். நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாக்கர்ஸ் தோற்றதற்குக் காரணம் எத்தனை? ஒரு கெஜத்தில் நின்று 3 போதும் என்றது இரண்டு தடவை. தந்திர உதையில் ஏமாந்தது. ஓடாமல் சரிந்து உட்கார்ந்தது. கடைசியில் மூன்று தடவையும் பயந்து பயந்து ஆடியது. லிஞ்சை விட்டது. ஆகாயத்தில் தொங்கிய பந்தைத் தட்டாதது. கூடுதல் நேரத்தில் கியர்ஸைத் தனியாக விட்டது. இதில் ஒன்று மாறியிருந்தாலும் ஜெயித்திருப்பார்கள். முதல் தவறு அனுபவசாலிப் பயிற்சியாளருடையது. அவருக்கு அடுத்த வருஷமும் அதே வேலை இருந்தது. பையனுக்கு இல்லை. மார்க் போடும்போது கடைசிக் கேள்வியை மட்டும் திருத்தி முழுத் தாளுக்கும் முட்டை போட்ட மாதிரி இருந்தது.

அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் கை நின்றது. ஏனென்றால் அந்த மாதிரி முட்டை போட்டவள் நான்.

1997. நம் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் கிடையாது, உங்களுக்குத் தெரியும். நான்தான் விசிலை மாட்டிக்கொண்டு கோகோவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வருஷம் படித்தபோது ஆடியதும், ஒரு விதிப் புத்தகமும். குறுவட்டப் போட்டி, ஜோனல் என்று சொல்வோமே, அதில் நம் பையன்கள் முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். கடைசி நிமிஷம். துரத்துவது நாம். ஒரே ஒரு ஆளைத் தொட்டால் சமன். கட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், முதுகில் தட்டி "கோ" கொடுப்பதற்கு முன்பே எழுந்துவிட்டான். ஓடுகிறவன் அவன் மூக்குக்கு முன்னால் போகிறான், பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. எழுந்தான், தொட்டான். நடுவர் விசில். ஃபவுல். அவுட் இல்லை. ஒரு புள்ளியில் தோற்றோம்.

மறுநாள் காலை வழிபாட்டில் அவனை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினேன். "இந்த ஒரு அவசரக்குடுக்கையால ஒன்பது பேர் உழைப்பு வீணாப்போச்சு" என்றேன். மைக் இல்லை, ஆனால் என் குரல் உங்களுக்குத் தெரியும். இருநூறு பிள்ளைகள் கேட்டார்கள். அவன் தலையைக் குனியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் எனக்குத் திமிராகத் தெரிந்தது.

அதற்குப்பிறகு வகுப்பில் அவன் பதில் சொல்ல எழுந்தால் பின்வரிசையிலிருந்து யாராவது "கோ!" என்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு தடவை நானும் சிரித்தேன். கொஞ்ச நாளில் அவன் எழுவதை நிறுத்திவிட்டான். பதில் தெரிந்தாலும் எழமாட்டான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு லேத் பட்டறைக்குப் போய்விட்டான். அதற்கு வீட்டுக் கஷ்டம், அப்பா உடம்பு என்று பல காரணம் இருந்தது. நான் மட்டும்தான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன்.

அந்தக் காகிதத்திலேயே 1997-க்கும் கணக்குப் போட்டேன். அன்று போட்டிக்குப் பிள்ளைகளைச் சாப்பிட வைக்காமல் பஸ் ஏற்றியது நான். முதல் சுற்றில் நன்றாக ஓடுகிறவனைக் கடைசியில் அனுப்பியது நான். கம்பத்தைச் சுற்றித் திரும்புவதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்காமல் விட்டதும் நான், அதிலேயே மூன்று புள்ளி போயிற்று. வழிபாட்டில் என்னை யாரும் முன்னால் கூப்பிடவில்லை.

பேரனுக்கு மறுநாள் இரவு பதில் சொன்னேன். "அவங்க திட்டினது தப்புதான் கண்ணு. அம்மாச்சியும் ஒரு தடவ அப்படித் திட்டியிருக்கேன்." யாரை என்று கேட்டான். சொன்னேன். "அப்புறம் ஸாரி கேட்டீங்களா?" என்றான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. அந்தப் பச்சைச் சட்டைக்காரர் ஒரு வார்த்தைக்கு ஒரு நொடியில் என்னிடம் கேட்டுவிட்டார். எனக்கு அப்போதே 18 வருஷம் ஆகியிருந்தது.

ஊருக்கு வந்ததும் கேட்பேன் என்று அவனிடம் சொன்னேன். வந்தேன். வீட்டு வேலை, வீட்டுக்காரர் கண் ஆபரேஷன், சின்னவன் கல்யாணம், பிறகு கொரோனா. இப்படி ஒவ்வொன்றாக. இப்போது பத்து வருஷம் போய்விட்டது. காலையில் வீடியோவுக்குக் கீழே பேரன் இரண்டாவதாக ஒரு வரி எழுதியிருந்தான். "அம்மாச்சி, அந்த அண்ணாட்ட பேசிட்டீங்களா?"

அதற்கு இன்னும் பதில் போடவில்லை.

சீஹாக்ஸ் கதை கேட்பீர்கள். இரண்டு வாரம் கழித்து சூப்பர் பவுலில் அவர்களும் கோட்டுக்கு ஒரு கெஜத்தில் நின்று, ஓடிக் கடக்காமல் வீசி, பந்தைப் பறிகொடுத்து நியூ இங்கிலாந்திடம் 28-24-இல் தோற்றார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒரு வாரம் குப்பைத்தொட்டியை வெளியே வைக்கவில்லை. பாஸ்டிக் பிறகு நியூயார்க் ஜெட்ஸ் அணியில் ஆடினான் என்று பேரன் சொன்னான். கேட்டு மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இப்போது ஒரு வேண்டுகோள். 97, 98 செட் பிள்ளைகளுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். தயவுசெய்து கமெண்ட்டில் யாரும் அவன் பெயரைப் போட வேண்டாம். அந்த "கோ" வார்த்தையும் வேண்டாம், விளையாட்டுக்குக்கூட. போட்டால் நானே அழித்துவிடுவேன், பேத்தி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பட்டறை இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் என்று ஒருவர் சொன்னார், சொந்தப் பட்டறை, நான்கு பேருக்கு வேலை கொடுக்கிறான் என்று இன்னொருவர் சொன்னார். எண் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். அவனைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். வேண்டாம் என்று சொன்னால் அனுப்ப வேண்டாம்.

டேய் தம்பி, நீயே இதைப் படித்தால், என் எண் பழைய எண்தான், பள்ளி ஆண்டுமலரில் போட்டிருந்ததே அதே எண். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பேன். நீ கூப்பிட வேண்டியதில்லை. ஒரு மிஸ்டு கால் கொடு, நான் கூப்பிடுகிறேன்.